எட்டடி டிஷ்ஷில் ஏறிய மெத்தனால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன், அதனால் என்ன? மந்தாரக்குப்பத்தில் அவரவர் மருமகன் துபாயில் வாங்கிய காரைப் பற்றி மூச்சுவிடாமல் பேசியபோதெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறேன். இப்போது என் முறை. என் வீட்டுக்காரர் நிஜாமுதீன் ஊருக்கெல்லாம் சீரியல் பார்க்க டிஷ் மாட்டுகிறவர். வெளிச்சமே பதினேழாயிரம் வருஷம் ஓடினால்தான் வந்து சேரும் தூரத்தில், நட்சத்திரம் பிறந்துகொண்டிருக்கும் ஓர் இடத்திலிருந்து வரும் ரேடியோ அலையை எங்கள் மொட்டை மாடியில் பிடித்தார். அதுகூடப் பெரிதில்லை. அந்த அலை ஏறுமா ஏறாதா என்று மாசி மாதத்தில் ஒரு வாரம் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் அவர் ஏறாத மாடி கிடையாது. இருபத்தெட்டு வருஷம். பதினெட்டாவது பிளாக்கில் படம் புள்ளி புள்ளியாக வருகிறது என்றாலும் "டிஷ் பாயைக் கூப்பிடு", கம்மாபுரத்தில் குரங்கு எல்.என்.பி.யைக் கழற்றிவிட்டது என்றாலும் "டிஷ் பாயைக் கூப்பிடு". அந்த எல்.என்.பி. என்பது டிஷ்ஷுக்கு முன்னால் கம்பி நுனியில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பெட்டி. டிஷ்ஷுக்குக் காது அதுதான். பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது, டிஷ் துருப்பிடித்தது. இவர் கேமரா மாட்டும் வேலைக்குப் போனார். போனவர் சும்மா இருந்தாரா? மாட்டார். வெளிநாட்டில் யாரோ நாலு பேர் பழைய டிஷ்ஷை வைத்து வானத்தை ஒட்டுக்கேட்கும் வீடியோவைப் பார்த்துவிட்டார். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

போன சித்திரையில் குள்ளஞ்சாவடியில் மூடிக்கிடந்த ஒரு கேபிள் ஆபீசிலிருந்து எட்டடி டிஷ் ஒன்றைக் குட்டி யானை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். மாடியில் துணி காயப்போட இருந்த இடம் பூராவும் போயிற்று. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"இன்னாங்க இது? அண்டா மூடி மாரி இவ்ளோ பெருசு! யாரு வூட்டுக்கு மாட்டப் போறீங்க?"

"நமக்குத்தான். மெத்தனால் பிடிக்கப் போறேன்."

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அந்த வார்த்தையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கள்ளச்சாராயத்தில் அதைக் கலந்து விற்று, குடித்தவர்கள் கொத்துக்கொத்தாகச் செத்ததை டி.வி.யில் பார்த்துப் பார்த்து அழுதிருக்கிறோம்.

"நம்ம பக்கம் சனங்க குடிச்சிட்டு செத்துச்சே, அந்த மெத்தனாலா? யா அல்லாஹ்! உங்களுக்கு எதுக்குங்க அது?"

"அதே சரக்குதான், ஆனா வானத்துல இருக்குது" என்று சிரித்தார். "யூனியன் கேட் மீட்டிங்ல ஒருத்தர் கோஷம் போட்டா கூட்டம் பூரா அதே கோஷத்த, அதே தாளத்துல திருப்பிச் சொல்லுதா இல்லியா? அந்த மாரிதான். நட்சத்திரம் பொறக்குற எடத்துல தூசியும் வாயுவுமா பெரிய மேகம் இருக்குது. அதுல இந்த மெத்தனால் சூடேறி, இன்னாடா சாக்குன்னு நிக்கிது. ஒரு அலை வந்து தொட்டாப் போதும், அத்தினியும் ஒண்ணா அதே அலைய வுடும். மேசர்னு பேரு. அந்த அலைல ஒண்ணு, டி.வி. டிஷ்ஷுக்குக் கேக்குற அலைவரிசையிலயே வருது ஜுலைகா! நான் இருவத்தெட்டு வருஷமா திருப்பிகினு இருக்குற அதே அலைவரிசை!"

அப்படிச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு வெளிச்சம் இல்லை.

தனுசு ராசிப் பக்கம் இருக்கும் ஒரு மேகத்தைத்தான் அவர் தேர்ந்தெடுத்திருந்தார். அதில் ஓர் அதிசயம். ஏறக்குறைய இருநூற்று நாற்பத்து நான்கு நாளுக்கு ஒரு தடவை அந்த மெத்தனால் அலை தானாகப் பொங்கி ஏறும், அப்புறம் மெல்ல இறங்கும். ஏன் என்று படித்தவர்கள் நாலுவிதமாகச் சொல்கிறார்களே தவிர, முடிவு தெரியாதாம். பெரிய பெரிய டெலஸ்கோப்புகளுக்கு இது பழைய சங்கதி. ஆனால் இவர் போனில் சேர்ந்திருந்த பொழுதுபோக்குக் குழுவில் யாரும் அந்த ஏற்றத்தைச் சின்ன டிஷ்ஷில் முழுசாகப் பிடித்ததில்லை. "அவங்க ஊர்ல அது தரைய ஒரசிகினு போவுது. நம்ம ஊர்ல பாதிக்கு மேல ஏறி நிக்கிது. இதுக்கு நெய்வேலிதான் சரி" என்பார்.

ஆனி மாதத்தில் ஓர் ஏற்றம் வந்தது. இவர் கோட்டைவிட்டார். எப்படி என்று கேளுங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். டி.வி. டிஷ் மாட்டுகிறவர்களுக்கு ஒரே வேதம்தான். சிக்னல் கிடைத்ததா, நட்டை முறுக்கு, புயலே வந்தாலும் டிஷ் அசையக் கூடாது. சாட்டிலைட் நின்ற இடத்தில் நிற்கும், அதனால் அது சரி. இவர் கை பழக்கதோஷத்தில் மேகத்தைப் பார்த்துத் திருப்பியதும் நட்டை முறுக்கு முறுக்கென்று முறுக்கிவிட்டு லேப்டாப் முன்னால் வந்து உட்காருவார். நாலே நிமிஷத்தில் மேகம் டிஷ்ஷின் பார்வையைத் தாண்டி மேற்கே நகர்ந்துவிடும். இவர் எல்.என்.பி. கெட்டுவிட்டது என்று மாற்றுவார். ஒன்றல்ல, மூன்று எல்.என்.பி. வானம் சுற்றுகிறது என்பது புத்திக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை! ஆறு வாரம் கழித்து ஒரு நாள் தலையில் அடித்துக்கொண்டு, "முட்டாள், முட்டாள், நட்ட அவுருடா!" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு டிஷ்ஷுக்குப் பின்னால் ஒரு நீண்ட மரை ராடு வைத்து, அதைக் கையால் திருப்பத் திருப்ப டிஷ் மேகத்தோடு நகரும்படி செய்தார். ஒரு மணி நேரம் நின்று, கடிகாரத்தைப் பார்த்து நிமிஷத்துக்கு ஒரு முறை கால் சுற்று. வெயில் பட்டால் எல்.என்.பி.யின் அலைவரிசை ஓடிவிடுகிறது என்றார். ஈரச் சாக்கைச் சுற்றலாமே என்று சொன்னது நான்தான். முதல் நாள் அதன் வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டேன், அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுநாளிலிருந்து உடம்புக்கு மட்டும் சாக்கு.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம், திரையில் புல்தரை மாதிரி ஓடிய கோட்டின் நடுவில் ஒரு சின்ன முள் எழுந்து நின்றது. நாளுக்கு நாள் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் தள்ளிப் போயிற்று. பூமி சூரியனைச் சுற்றுவதால் அப்படித் தள்ளித்தான் ஆக வேண்டுமாம். பக்கத்து வீட்டு வயரிலிருந்து வரும் இரைச்சலாக இருந்தால் நின்ற இடத்தில் நிற்குமாம். மேகம்தான் என்று தெரிந்ததும் இந்த ஐம்பத்தொரு வயது மனிதர் மாடியில் குதித்த குதியில் கீழே ஓனர் வீட்டுச் சுண்ணாம்பு உதிர்ந்தது.

அடுத்த ஏற்றம் மாசிக் கடைசியில். அதையும் விட்டால் அதற்கடுத்தது ஐப்பசி அடைமழையில் வரும், மழையில் இந்த அலை சரியாக வராது. ஆகவே மாசிதான். விட்டால் ஒன்றேகால் வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் அவருடைய பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதில் பெருநாள் பிறை தெரிகிறது என்று மாடியிலிருந்து கத்தியவர் இவர். தெரு பூராவும் நம்பி, என் அத்தா உட்பட, ஓடிப்போய் ஆட்டுக்கறி வாங்கியது. பள்ளிவாசல் கமிட்டியில் கூப்பிட்டு உட்காரவைத்து, "சத்தியமா பாத்தியா தம்பி? கூட சாட்சி யாரு?" என்று கேட்டார்கள். இவர் யோசித்துப் பார்த்தார். அனல் மின் நிலையப் புகையின் ஓரத்தில் அந்திவெயில் பட்டு வளைந்து மின்னியதைத்தான் பார்த்திருக்கிறார். ஒப்புக்கொண்டார். மறுநாளும் நோன்பு. ஃப்ரிட்ஜ் இல்லாத காலம், எங்கள் வீட்டுக் கறி வீணாயிற்று. "புகைப்பிறை" என்ற பேர் அவருக்கு ரொம்ப நாள் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. ஏற்றத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டு ஒரு நோட்டைக் கொடுத்தார்.

"ஆசையா பாக்குற கண்ணு பொய் சொல்லும் ஜுலைகா. நான் ஸ்க்ரீன் பக்கமே வர மாட்டேன். நீ பாரு, நீ அள, நீ எழுது. என்னைக்கு ஏறும்னு ஒனக்குச் சொல்ல மாட்டேன். எவ்ளோன்னு எனக்கு நீ சொல்லாத. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை நோட்டப் பிரிப்போம்."

"எனக்கு இன்னாங்க தெரியும் இதுல?"

"ஒண்ணும் தெரியாதுல்ல? அதான் நீ வேணும்."

பாராட்டா, வசவா, புரியவில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். காலை ஏழரைக்கு அவர் டிஷ்ஷுக்குப் பின்னால் ராடைத் திருப்புவார். நான் மாடிப்படி அறையில் லேப்டாப் முன்னால். ஒரு மணி நேரம் முடிந்து கோடு படிந்ததும், கழுத்தில் கிடக்கும் தையல் டேப்பைத் திரையில் வைத்து முள்ளின் உயரத்தை மில்லிமீட்டரில் அளப்பேன். அப்புறம் கருவி சரியா என்று பார்க்கச் சூரியனை நோக்கி ஒரு முறை. அது தினமும் ஒரே அளவு காட்டும். முள்ளும் பெரிதாக மாறவில்லை. இருபத்தொன்று. இருபத்திரண்டு. இருபத்தொன்று. இருபது. எனக்குக் கொட்டாவிதான் வந்தது.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஓனர் குஞ்சிதபாதம் சார் மாடி ஏறி வந்தார். மைன்ஸில் மண் வெட்டும் ராட்சசச் சக்கர மெஷினை முப்பது வருஷம் ஓட்டி ரிட்டயர் ஆனவர். நல்ல மனுஷர், ஆனால் அவர் தங்கை வீட்டுக்காரருக்குக் கள்ளச்சாராயத்தில் இரண்டு கண்ணும் போயிற்று. என் வீட்டுக்காரர் மாடியில் நின்று குழு நண்பரோடு போனில் பேசியது அவர் காதில் விழுந்துவிட்டது. என்ன பேசினார் தெரியுமா? "மெத்தனால் இன்னும் ஏறல. இந்த வாரம் ஏறிடும்." அடப்பாவி மனுஷா!

குஞ்சிதபாதம் சார் ஈரச் சாக்கைப் பார்த்தார், டிஷ்ஷைத் தாங்கும் குழாயைப் பார்த்தார், வயரைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"இன்னா பாய், என் வூட்டு மேல இன்னா காச்சுற?"

"ஐயய்யோ சார், அது வானத்துல இருக்குற மெத்தனால்..."

"வானத்துலயா? என் காதுல பூ சுத்தாத! வெள்ளிக்கிழமை காலைல ஆள் இட்டாந்து இத எறக்குறேன். அவ்ளோதான்."

என் வீட்டுக்காரர் விளக்க விளக்க விஷயம் மோசமாயிற்று. நட்சத்திரம் என்றார், மேசர் என்றார், சார் படியிறங்கிப் போய்க்கொண்டே இருந்தார். அன்று ராத்திரி இவர் சாப்பிடவில்லை. "வெள்ளிக்கு முன்னாடி ஏறாது ஜுலைகா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, தேதியைச் சொல்லிவிட்டேனே என்று அதற்கும் தன்னையே நொந்துகொண்டார். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

புதன்கிழமை அளந்தேன். இருபத்துநாலு. டேப் நழுவிவிட்டதோ என்று மறுபடி அளந்தேன். இருபத்துநாலுதான். வியாழக்கிழமை இருபத்தொன்பது. சூரிய அளவு மாறவே இல்லை, கருவியில் கோளாறு இல்லை. அவரோ டிஷ்ஷைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு எறக்கிடுவாங்க, இன்னும் ஒரு தரம்" என்று முனகுகிறார். எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது! சொல்லிவிட்டால் அவர் கொடுத்த நோட்டுக்கு என்ன மரியாதை? வாயைத் துணியால் அடைத்துக்கொண்டது போல் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை எட்டேகாலுக்கே சார் வந்துவிட்டார். பின்னால் ஸ்பேனரோடு இரண்டு கான்ட்ராக்ட் ஆட்கள். இவர் ராடைத் திருப்பிக்கொண்டிருந்தார், இன்னும் பதினைந்து நிமிஷம் பாக்கி. நான் படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரிம்மா."

"மாட்டேன் சார். என்னத் தாண்டிகினு ஒருத்தன் போவ முடியாது. ஸ்பேனர கீழ வையுங்கடா! காலங்காத்தால பொம்பள உக்காந்து இருக்குறது தெரியல?"

டிஷ்ஷுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "ஜுலைகா, இன்னா சத்தம் அங்க? சார், கையெடுத்துக் கும்புடுறேன், ஆனா இப்ப கைய எடுக்க முடியாது சார், ராடு கைல இருக்குது!"

அப்போதுதான் திரையில் கோடு படிந்துகொண்டிருந்ததைத் திரும்பிப் பார்த்தேன். முள் இல்லை அது, ஈட்டி. உட்கார்ந்த இடத்திலிருந்தே டேப்பை நீட்டி அளந்தேன். முப்பத்தேழு.

அவ்வளவு நேரம் ஊரைக் கூட்டியவள், எழுந்து சாரின் காதருகே போய்க் கிசுகிசுத்தேன். "சார், ஏறிடுச்சு. எங்க வூட்டுக்காரருக்கே இன்னும் தெரியாது. ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். அதே மெத்தனால்தான், பொய் சொல்லல. ஆனா யாராச்சும் அதக் குடிக்கணும்னா பதினேழாயிரம் வருஷம் வெளிச்சத்து வேகத்துல ஓடணும் சார். இங்க வர்றது அதோட அலை மட்டும்தான். பொங்குது சார், இப்ப, இந்த நிமிஷம்! இருபத்தொண்ணுல இருந்துச்சு, இன்னைக்கு முப்பத்தேழு. நீங்களே அளங்க."

டேப்பை அவர் கையில் திணித்தேன். சார் என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். வரிசையாகத் தேதி, நேரம், அளவு, சூரிய அளவு. முப்பது வருஷம் ஷிப்ட் முடிந்ததும் லாக் புக் எழுதிய மனுஷருக்கு அந்தப் பக்கத்தைப் படிக்கத் தெரிந்தது. குனிந்து அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார்.

"முப்பத்தேழேதாம்மா" என்றார், அவரும் கிசுகிசுப்பாக.

"பாய் இத பாக்கலியா?" என்று அவரே கேட்டார்.

"பாக்க மாட்டாரு சார். ஆசப்பட்ட கண்ணு பொய் சொல்லுமாம். ஞாயித்துக்கிழமதான் பாப்பாரு."

சார் கொஞ்ச நேரம் டிஷ்ஷுக்குப் பின்னால் தெரிந்த கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். காது கேட்க டிஷ்ஷை இறக்கப் போகிறார்கள், அந்தக் கால்கள் நகரவில்லை. நிமிஷத்துக்கு ஒரு கால் சுற்று தவறவில்லை. பிறகு ஆட்களிடம் திரும்பினார்.

"போங்கப்பா, போய் டீ சாப்புடுங்க. இன்னைக்கு வேல இல்ல. மைன்ஸ்ல அடுத்த ஷிப்ட் ரிலீவர் வராம நாங்க சீட்ட வுட்டு எறங்க மாட்டோம். ஓடிகினு இருக்குற மெஷின நடுவுல நிறுத்துறது பாவம்."

என் பேனாவை வாங்கி, நோட்டில் என் எழுத்துக்குக் கீழே "காலை 8.34. 37 மி.மீ. குஞ்சிதபாதம்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். டிஷ் பக்கம் பார்த்து, "பாய், ஐப்பசி வரைக்கும்கூட வெச்சிக்க. நான் ஒண்ணும் சொல்லல, ஒண்ணும் பாக்கவும் இல்ல" என்று கத்திவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அறுபத்தாறு வயது மனுஷர்!

அதற்கப்புறம் இரண்டு நாள் நானும் சாரும் பட்ட அவஸ்தை சொல்லி மாளாது. சனிக்கிழமை மட்டும் சார் ஐந்து தடவை மேலே வந்தார். "எவ்ளோம்மா?" என்று கண்ணால் கேட்பார், நான் நாலு விரலையும் நாலு விரலையும் காட்டுவேன். இவர் ஒன்றும் புரியாமல், "சாருக்கு இன்னா ஆச்சு? நேத்து எறக்குறேன்னாரு, இன்னைக்கு டீ வாங்கித் தர்றாரு" என்று விழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குச் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"பாய், இன்னைக்கு நான் ரிலீவர். ராட எங்கிட்ட குடு. எப்ப எப்ப திருப்பணும்னு சொல்லு. நீ போய் ஒக்காரு."

இவர் தயங்கித் தயங்கி வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். நோட்டைப் பிரிக்கச் சொன்னேன். மாட்டேன் என்றார், "மொதல்ல இன்னைக்கு" என்றார். ஒரு மணி நேரம். மேலே ஏறிய வெயில், பின்னால் சார் சத்தமாக நிமிஷம் எண்ணும் குரல், திரையில் மெல்ல மெல்லப் படியும் கோடு. முள் எழுந்தது. எழுந்துகொண்டே போயிற்று. இவர் டேப்பை வைத்தார். ஐம்பத்தொன்று.

அப்புறம்தான் நோட்டைப் பிரித்தார். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபது. இருபத்துநாலு. இருபத்தொன்பது. முப்பத்தேழுக்குக் கீழே இன்னொரு கையெழுத்தைப் பார்த்ததும் விரல் நின்றது. டிஷ் பக்கம் ஒரு தடவை, என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நாற்பத்துநாலு. இன்றைக்கு ஐம்பத்தொன்று. அவர் குதிக்கவில்லை, கத்தவில்லை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணீர் தாடியில் இறங்கியது.

"ஏங்க, யாருக்காச்சும் சொல்லுங்க" என்றேன்.

அவர் எழுந்து கைப்பிடிச் சுவரோரம் போனார். ஞாயிற்றுக்கிழமைக் கடைவீதி கீழே நிரம்பியிருந்தது. அந்தப் புகைப்பிறை நாளுக்கு முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு, அடிவயிற்றிலிருந்து, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"ஏறிடுச்சு! நெசமா ஏறிடுச்சு!"